தொன்மங்களைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு: ஆள், பொருள், இடம்

உலகத் தொன்மங்களின் மீது ஆர்வம் பிறந்தவுடன் பெரும்பாலோர் கிரேக்கம், எகிப்து, நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவியா), ஜப்பான், மாயா என எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்துவிட முனைகிறார்கள். ஒவ்வொரு தெய்வத்துக்கும் இரண்டு வரி அறிமுகம் தரும் தொகுப்புகள் எளிதில் கிடைப்பதால் இந்த வழி இயல்பானதாகவே தோன்றும். ஆனால் சில வாரங்களில் பெயர்கள் மட்டும் மனத்தில் நிற்க, கதைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். எந்தத் தொன்மமும் யாரோ ஒருவர், ஏதோ ஒரு காலத்தில், தம் முன்னிருந்தவர்களுக்குச் சொன்னதாகவே நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சொன்னவரையும் காலத்தையும் கேட்டவர்களையும் சேர்த்துப் படித்தால்தான் கதை முழுமையாகப் பிடிபடும் என்பது என் உறுதியான எண்ணம். அப்படிப் படிப்பதற்கான படிகளைக் கீழே தருகிறேன்.

முதற்படி: ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்

ஒரு பாத்திரம், ஒரு புனிதப் பொருள், ஓர் இடம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ‘நார்ஸ் தொன்மம்’ என்று தொடங்குவதைவிடத் ‘இடிக்கடவுள் தோரின் சுத்தியல்’ என்று தொடங்குவது நல்லது. கேள்வியும் சிறியதாக இருக்கட்டும். அந்தச் சுத்தியலுக்குக் கைப்பிடி ஏன் குட்டையாக அமைந்தது என்ற ஒரு கேள்வியே போதும். விடையைத் தேடிச் சென்றால் குள்ளர்களின் உலைக்களம் வரும். வேலையைக் கெடுப்பதற்காக ஈயாக உருமாறி வந்து, துருத்தி ஊதுபவனின் இமையைக் கடிக்கும் சூழ்ச்சிக்காரன் லோக்கி வருவான். கதையை எழுதிவைத்த ஐஸ்லாந்துக்காரர் ஸ்னோரி ஸ்துர்லுசனும் வருவார். ஸ்னோரி அதை எழுதியது 1220ஆம் ஆண்டு வாக்கில். ஐஸ்லாந்து கிறித்தவத்தை ஏற்று அதற்குள் ஏறத்தாழ 200 ஆண்டுகள் கடந்திருந்தன, அவரும் கிறித்தவரே. தாம் வழிபடாத தெய்வங்களின் கதைகளை, பழைய கவிதைகளைப் புரிந்துகொள்ள வேண்டிய இளம் கவிஞர்களுக்காக அவர் தொகுத்தார் என்று தெரியும்போது, ஒரு சிறு கேள்வி எவ்வளவு தூரம் அழைத்துச் செல்கிறது என்பது விளங்கும்.

இரண்டாம் படி: நமக்குக் கிடைக்கும் பழைய சொல்லலைத் தேடிப் படியுங்கள்

சுருக்கங்களைப் படித்துக்கொண்டே இருப்பதில் ஓர் ஆபத்து உண்டு. வெவ்வேறு நூற்றாண்டுகளில் சொல்லப்பட்டவற்றை அவை ஒரே கதையாகத் தைத்துவிடும். டிராய்ப் போரில் பொருத கிரேக்க வீரன் அகிலீசின் குதிகால் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குதிகாலில் மட்டுமே காயப்படக்கூடிய வீரன் என்றுதான் அவனை எல்லோரும் அறிந்திருக்கிறார்கள். அப்போரைப் பாடும் ஹோமரின் இலியத் காவியத்திலோ அப்படி ஒரு செய்தியே இல்லை. அதன் 21ஆம் பகுதியில் எதிரியின் ஈட்டி உரசி அவன் முன்கையிலிருந்து இரத்தம் வழிகிறது. தாய் அவனைக் குழந்தைப் பருவத்தில் ஸ்டைக்ஸ் ஆற்று நீரில் அமிழ்த்திய கதை, இன்று கிடைக்கும் நூல்களுள், கி.பி. முதல் நூற்றாண்டில் இலத்தீனில் எழுதிய ஸ்டேஷியஸிடம்தான் முதலில் காணப்படுகிறது. டிராய் நகரை வீழ்த்திய மரக்குதிரையைத் தேடி இலியத்தைத் திறப்பவர்களும் ஏமாந்துபோவார்கள். அக்காவியம் டிராய் வீரன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடுகிறது. குதிரையைப் பற்றி ஒடிசியில் சிறிதளவும், பின்னர் வர்ஜிலின் ஈனிய்ட் காவியத்தில் விரிவாகவும் படிக்கலாம்.

மொழிபெயர்ப்பைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டைக் கவனியுங்கள். வரி எண்கள் தரப்பட்டிருக்க வேண்டும். மூலம் சிதைந்திருக்கும் இடங்கள் மறைக்கப்படாமல் குறியிட்டுக் காட்டப்பட்டிருக்க வேண்டும். பழைய மெசப்பொத்தேமியாவின் கில்கமெஷ் காவியத்தைப் படிப்பவர்களுக்கு இரண்டாவது மிக முக்கியம். சுடுமண் பலகைகளில் ஆப்பெழுத்தில் எழுதப்பட்ட அக்காவியத்தில் உடைந்துபோன வரிகள் ஏராளம். விடுபட்டவை இப்போதும் ஒவ்வொன்றாகக் கிடைத்துவருகின்றன. ஈராக்கின் சுலைமானியா அருங்காட்சியகம் 2011இல் வாங்கிய ஒரு பலகையில் ஐந்தாம் பகுதியின் புதிய வரிகள் இருந்தன. 2014இல் அவை பதிப்பிக்கப்பட்டபோது, தேவதாருக் காட்டின் காவலன் ஹும்பாபாவைப் பற்றிய சித்திரமே விரிவடைந்தது. பறவைகளும் சில்வண்டுகளும் குரங்குகளும் அவன் முன்னிலையில் ஓசையெழுப்ப, அரசவையில் இசை கேட்கும் மன்னனைப் போல அவன் அங்கே வீற்றிருக்கிறான். அவனைக் கொன்ற பிறகு, காட்டைப் பாழாக்கிவிட்டோம் என்று எங்கிடு தன் தோழன் கில்கமெஷிடம் கூறுவதும் அந்த வரிகளில் தெளிவாகத் தெரிகிறது. பழைய மொழிபெயர்ப்பை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு ஹும்பாபா வெறும் அரக்கனாகவே எஞ்சியிருப்பான். ஆகவே நூலின் பதிப்பாண்டைப் பார்க்காமல் படிக்கத் தொடங்க வேண்டாம்.

மூலங்களைத் தேடுவதற்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. கிரேக்க, இலத்தீன் நூல்களுக்கு டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் மின்னூலகமும், சுமேரியப் பாடல்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் இணையத் தொகுப்பும், தமிழ்க் காப்பியங்களுக்கு 1998இல் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டமும் உள்ளன. பொதுவில் இலவசமாகக் கிடைக்கும் பிற மொழிபெயர்ப்புகளில் பல, காப்புரிமைக் காலம் முடிந்த 19ஆம் நூற்றாண்டு நூல்கள். அவற்றைப் படிக்கலாம், ஆனால் அக்கால மொழிபெயர்ப்பாளர்கள் தங்களுக்குக் கூச்சம் தந்த பகுதிகளை நீக்கியிருக்கவும் கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: குறிப்பேடு

படிக்கும் ஒவ்வொரு சொல்லலுக்கும் தனிப் பக்கம் ஒதுக்கி, சொன்னவர் யார், எந்தக் காலம், எந்த மொழி, யாருக்காக, இன்று கிடைக்கும் பிரதி எப்போது எழுதப்பட்டது என்பவற்றைக் குறித்துவையுங்கள். கடைசிக் கேள்வியைத்தான் தொடக்கநிலையினர் விட்டுவிடுகிறார்கள். நூல் தோன்றிய காலமும் கையில் இருக்கும் பிரதியின் காலமும் வேறு வேறு. குவாத்தமாலாவின் கிச்சே மாயா மக்களுடைய தொன்ம நூலான போபோல் வூ, ஸ்பானியர் வெற்றிக்குப் பிறகு 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலத்தீன் எழுத்தில் எழுதப்பட்டது. அந்தப் பிரதி இன்று இல்லை. பிரான்சிஸ்கோ சிமேனஸ் என்ற பாதிரியார் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த படிதான் எஞ்சியிருக்கிறது. அது சிகாகோவின் நியூபெரி நூலகத்தில் உள்ளது. சோளத்திலிருந்து மனிதர் உருவாக்கப்பட்ட அந்த அரிய கதையின் முழு வடிவமும் ஒரே ஒரு கையெழுத்துப் படியின் வழியாகவே நம்மை வந்தடைந்திருக்கிறது.

பெயர்களை எழுதும்போது கண்ணில் படும் எல்லா எழுத்து வடிவங்களையும் பக்கத்தின் மேலே சேர்த்துவையுங்கள். தேடும்போது உதவும்.

நான்காம் படி: பாத்திரங்களைச் சமன்பாடாக்காமல் படித்தல்

‘இவர் போர்க்கடவுள், அவர் கடல் கடவுள்’ என்ற பட்டியல் முறை புதியவர்களை மிகவும் கவர்கிறது. அதைவிடக் கவர்ச்சியானது, ஒரு நாட்டுத் தெய்வத்தை இன்னொரு நாட்டுத் தெய்வத்தோடு சமப்படுத்துவது. இந்தப் பழக்கம் மிகப் பழையது. கி.பி. 98இல் ஜெர்மானியரைப் பற்றி எழுதிய ரோமானியர் டாசிட்டஸ், அவர்கள் மெர்குரியையும் ஹெர்குலிஸையும் மார்ஸையும் வணங்குகிறார்கள் என்று எழுதினார். தம் வாசகர்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக அவர் ரோமானியப் பெயர்களைப் பயன்படுத்தினார். ஜெர்மானியர் சொல்லிய பெயர்கள் அந்த இடத்தில் நமக்குக் கிடைக்காமல் போயின. நீங்கள் சமன்பாடு போடும்போதும் இந்த இழப்பே நேரும்.

அதற்குப் பதிலாக, ஒரு பாத்திரம் ஒரு கதையில் என்ன செய்கிறது என்பதை வினைச்சொற்களாகக் குறித்துக்கொள்ளுங்கள். மணிமேகலா தெய்வத்தை இப்படிப் பின்தொடர்ந்து பார்க்கலாம். பாலி மொழியிலுள்ள மகாஜனக ஜாதகத்தில், கப்பல் உடைந்து ஏழு நாள் கடலில் நீந்திக்கொண்டிருக்கும் இளவரசனோடு அவள் உரையாடி, அவனுடைய விடாமுயற்சியைக் கண்டு தூக்கிச் சென்று காப்பாற்றுகிறாள். தமிழ் மணிமேகலையில் கோவலனின் முன்னோன் ஒருவனைக் கடலிலிருந்து காத்தவளாக நினைக்கப்படுகிறாள். பின்னர் காப்பியத் தலைவியை உறக்கத்திலேயே மணிபல்லவத் தீவுக்கு எடுத்துச் சென்று அவளுடைய முற்பிறப்பை அறிய வழி செய்கிறாள். தாய்லாந்திலும் கம்போடியாவிலும் அவளே கையில் ஒளிரும் மணியை ஏந்தி வானில் ஓடுகிறாள். துரத்தி வரும் அசுரன் கோடரியை வீச, மணியின் ஒளி மின்னலாகவும் கோடரியின் ஓசை இடியாகவும் ஆகின்றன. காத்தல், கொண்டுசேர்த்தல், மின்னுதல் என்று மூன்று வினைகள். ‘கடல் தெய்வம்’ என்ற ஒற்றை முத்திரைக்குள் இவை அடங்குமா என்று நீங்களே பாருங்கள்.

ஐந்தாம் படி: புனிதப் பொருளிடம் நிபந்தனையைக் கேளுங்கள்

மூன்று வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது பொருள்களின் வழி. ஒரு வாளோ கிண்ணமோ பெட்டியோ கதைக்குள் வந்துவிட்டால், அதை யார் செய்தார், யாரிடமிருந்து யாருக்குச் சென்றது, யார் தொடலாம், எந்த நிபந்தனையில் அது செயல்படும், இறுதியில் எங்கே போனது என்ற ஐந்து கேள்விகளைக் கேட்கலாம். நான்காவது கேள்வியே கதையின் உயிர்நிலையைக் காட்டும்.

உணவு குறையாத பாத்திரங்களை எடுத்துக்கொள்வோம். மகாபாரதத்தில் பாண்டவர்களின் வனவாசத்துக்குச் சூரியன் அருளிய அட்சய பாத்திரம், அன்றன்று திரௌபதி உண்டு முடிக்கும் வரை மட்டுமே சுரக்கும். இல்லத்தில் கடைசியாக உண்பவளே அதன் எல்லை. அயர்லாந்துக் கதைகளில் தாக்தா என்ற தெய்வத்தின் கொப்பரையிலிருந்து யாரும் நிறைவின்றித் திரும்பியதில்லை. வேல்ஸ் மரபில் திர்ன்வுக் என்ற அரக்கனின் கொப்பரையோ கோழைக்கு இறைச்சி வேக வைக்காது, வீரனுக்கு உடனே வேக வைக்கும்.

மணிமேகலையின் அமுதசுரபி இவற்றிலிருந்து வேறுபட்டது. சிந்தாதேவி அதை மதுரையில் ஆபுத்திரனுக்குக் கொடுக்கிறாள். அவன் புகழைக் கண்டு வந்த இந்திரன் தரும் வரங்களை அவன் மறுத்துவிட, இந்திரன் மழையைப் பொழிவித்து நாட்டைச் செழிக்கச் செய்கிறான். பசித்தவர் இல்லாத ஊரில் பாத்திரத்துக்கு வேலையில்லாமல் போகிறது. பசித்தோரைத் தேடிக் கப்பலேறும் ஆபுத்திரன் மணிபல்லவத்தில் தனித்து விடப்படுகிறான். தன் வயிற்றை மட்டும் நிரப்பிக்கொள்ள அந்தப் பாத்திரத்தைப் பயன்படுத்த மனமின்றி, அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் துறக்கிறான். ஆண்டுக்கு ஒரு முறை, வைகாசித் திங்கள் விசாக நாளில், அது நீருக்கு மேலே வரும். மணிமேகலை கையில் வந்த பிறகும் ஆதிரை முதற்பிச்சை இட்ட பின்புதான் அது சுரக்கத் தொடங்குகிறது. காயசண்டிகையின் யானைத்தீ என்னும் தீராப் பசி அதில் பெற்ற ஒரு பிடி உணவால் தீர்கிறது. கொடுப்பவர், பெறுபவர் ஆகிய இருவரும் இல்லாமல் இயங்காத பாத்திரம் அது. பௌத்த அறத்தைச் சொல்லும் ஒரு காப்பியம் தன் புனிதப் பொருளை எவ்வளவு நுட்பமாக வடிவமைத்திருக்கிறது என்பது நிபந்தனையைக் கேட்கும்போதுதான் புலப்படும்.

இடைக்கால ஐரோப்பியக் கதைகளில் வீரர்கள் தேடிச் செல்லும் புனிதப் பொருளான கிரெயில் பற்றிப் படிப்பவர்கள் காலவரிசையை மறக்கவே கூடாது. 12ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பிரெஞ்சில் எழுதிய கிரெத்தியன் தெ துருவா தம் கதையை முடிக்காமலேயே விட்டார். அவருடைய கதையில் அது ஒரு பெண் ஏந்திச் செல்லும் பரிமாறும் கலம். அதில் கொண்டுபோகப்படும் ஒரே ஓர் அப்பத்தால் முதிய அரசர் ஒருவர் உயிர் வாழ்கிறார். சில ஆண்டுகளில் ரொபேர் தெ பொரோன் அதை இயேசுவின் இறுதி விருந்தில் பயன்பட்ட பாத்திரமாக்கினார். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியக் கவிஞர் வோல்ஃப்ராம் அதையே ஒரு கல்லாக்கினார். ஒவ்வொரு புனித வெள்ளியன்றும் புறா ஒன்று அப்பத்தைக் கொண்டுவந்து வைக்க, அக்கல் உணவு வழங்கும் ஆற்றலைப் புதுப்பித்துக்கொள்கிறது. அரை நூற்றாண்டுக்குள் கலம், பாத்திரம், கல் என மூன்று உருவங்கள். ‘கிரெயில் எப்படி இருக்கும்’ என்று பொதுவாகக் கேட்பதற்கு விடை இல்லை; ‘யாருடைய கிரெயில்’ என்று கேட்க வேண்டும்.

கதையில் வரும் பொருளும், கோவிலில் காக்கப்படும் பொருளும், மண்ணிலிருந்து தோண்டியெடுக்கப்பட்ட பொருளும் வெவ்வேறு வகைச் சான்றுகள். ஜப்பானின் குசனாகி வாள், 712இல் தொகுக்கப்பட்ட கொஜிகி என்ற தொன்ம நூலின்படி, எட்டுத் தலைப் பாம்பின் வாலுக்குள்ளிருந்து சுசனோ என்ற தெய்வம் கண்டெடுத்தது. 1185இல் தன்னோஊராக் கடற்போரில் குழந்தைப் பேரரசர் மூழ்கியபோது வாளும் கடலில் போனதாகப் போர்க்காவியம் சொல்கிறது. நகோயாவின் அத்சுதா ஆலயத்தில் வாள் காக்கப்படுவதாக மரபு. பொதுமக்கள் அதைப் பார்ப்பதில்லை. 2019இல் புதிய பேரரசர் அரியணை ஏறிய சடங்கிலும் மூடிய உறைகளே முன்வைக்கப்பட்டன. மண்ணிலிருந்து கிடைத்தவற்றுக்கு டென்மார்க்கின் ட்ரெண்ட்கோர்டனில் கிடைத்த 10ஆம் நூற்றாண்டு மாக்கல் அச்சு நல்ல எடுத்துக்காட்டு. ஒரே கல்லில் சிலுவை வார்ப்பதற்கும் தோரின் சுத்தியல் வார்ப்பதற்கும் குழிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. பழைய நம்பிக்கையினருக்கும் புதிய நம்பிக்கையினருக்கும் ஒரே கைவினைஞர் பதக்கம் செய்து தந்திருக்கிறார் என்று ஸ்னோரியின் நூல் நமக்குச் சொல்லாது. அந்தக் கல் சொல்கிறது.

ஆறாம் படி: இடங்களை வகை பிரித்தல்

தொன்ம இடம் ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டதும் வரைபடத்தைத் திறக்காதீர்கள். அது எவ்வகை இடம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மேரு மலை உலகத்தின் அமைப்பை விளக்கும் இடம். அங்கோர் வாட்டின் ஐந்து கோபுரங்கள் அதைக் கல்லில் காட்டுகின்றன, ஆனால் அதற்கு அட்சரேகை தேடுவது பொருந்தாது. அட்லாண்டிஸ் நமக்குத் தெரிந்த அளவில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் பிளேட்டோ எழுதிய இரண்டு உரையாடல்களிலிருந்தே தொடங்குகிறது. செருக்குற்ற வல்லரசின் வீழ்ச்சியை அவர் அதில் காட்டுகிறார். எல் டொராடோ தொடக்கத்தில் ஓர் ஆள்: கொலம்பியாவின் குவாட்டவிடா ஏரியில் பொன்துகள் பூசித் தெப்பத்தில் செல்லும் முயிஸ்கா தலைவன். தேடிச் சென்ற ஸ்பானியர்களின் ஆசையில் அது நகரமாகவும் நாடாகவும் வளர்ந்தது.

டிராய் உண்மையான மண்ணில் நிற்கும் இடம். துருக்கியின் ஹிசார்லிக் மேட்டை 1871 முதல் அகழ்ந்த ஹைன்ரிக் ஷ்லிமன், 1873இல் கிடைத்த பொற்குவியலைப் டிராயின் மன்னன் பிரியமின் புதையல் என்று அறிவித்தார். அது கிடைத்த மண்ணடுக்கு, டிராய்ப் போர் நடந்ததாகக் கருதப்படும் காலத்தைவிட ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையது. இடம் உண்மையாக இருப்பதால் கதையின் ஒவ்வொரு வரியும் அங்கே கிடைக்கும் என்று எண்ணக் கூடாது.

தமிழ் வாசகர்கள் இந்தப் படியைக் குமரி நிலத்தில் பயிற்சி செய்து பார்க்கலாம் என்பது என் பரிந்துரை. ‘பஃறுளி யாற்றுடன் பன்மலை யடுக்கத்துக் குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள’ என்பது சிலப்பதிகாரம். பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு அதற்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், கடல் கொண்ட நிலத்தை எழுநூற்றுக் காவதம் என்றும் நாற்பத்தொன்பது நாடுகள் என்றும் விரிக்கிறார். லெமூரியா முற்றிலும் வேறோர் இடத்திலிருந்து வருகிறது: லெமூர் என்ற விலங்கினத்தின் பரவலை விளக்க, 1864இல் விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர் முன்வைத்த கருதுகோள் அது. கண்டங்களே நகர்கின்றன என்பது 20ஆம் நூற்றாண்டில் நிறுவப்பட்டபின் அறிவியலுக்கு அது தேவைப்படவில்லை. காப்பிய வரி, உரைகாரர் விரிவு, விலங்கியல் கருதுகோள், இம்மூன்றையும் இணைத்த அண்மைக்கால எழுத்துகள் என நான்கு பக்கங்களாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றும் தன்னளவில் மதிக்கத்தக்கது. ஒன்றின் சான்றை மற்றொன்றுக்குக் கடன் கொடுக்கும்போதுதான் குழப்பம் வருகிறது.

ஏழாம் படி: வழிபாட்டில் இருப்பவற்றை அணுகுதல்

நீங்கள் ‘தொன்மம்’ என்று படிப்பது இன்னொருவருக்கு இன்றைய வழிபாடாக இருக்கலாம். ஆஸ்திரேலியாவின் உலுரு பாறை அனங்கு என்ற பழங்குடி மக்களுக்குரிய புனித நிலம். அவர்களுடைய நெடுநாள் வேண்டுகோளுக்கு இணங்க 2019 அக்டோபர் 26 முதல் அதன்மீது ஏறுவது தடைசெய்யப்பட்டது. அங்குள்ள கதைகள் சில எல்லோருக்கும் சொல்லப்படுபவை, சில உரிமை பெற்றவர்களுக்கு மட்டுமே உரியவை, சில பகுதிகள் படமெடுக்கப்படக் கூடாதவை. எத்தியோப்பியாவின் அக்சும் நகர் மரியாள் ஆலயத்தில் விவிலியம் கூறும் உடன்படிக்கைப் பெட்டி இருப்பதாக அந்நாட்டுத் திருச்சபை நம்புகிறது. காவல் துறவி ஒருவரைத் தவிர யாரும் அதைக் காண்பதில்லை. இத்தகைய எல்லைகளைத் தாண்டி வெளியான பழைய இனவரைவியல் நூல்கள் கிடைத்தாலும், அந்த மக்கள் இன்று என்ன சொல்கிறார்கள் என்பதைப் படித்த பிறகே அவற்றைத் திறக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எட்டாம் படி: ஒப்பீடு

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை வைகாசியில் வெளிப்படும் அமுதசுரபியும், ஆண்டுக்கு ஒரு முறை புனித வெள்ளியில் ஆற்றல் பெறும் வோல்ஃப்ராமின் கல்லும் அருகருகே வரும்போது மனம் துள்ளும். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று உடனே எழுதத் தோன்றும். அப்படிச் சொல்ல வேண்டுமானால், கதை பயணம் செய்த வழியையும் இடைப்பட்ட ஊர்களில் விட்டுச்சென்ற தடத்தையும் காட்ட வேண்டும். மணிமேகலா தெய்வத்துக்குப் பௌத்தமும் கடல் வணிகமும் அத்தகைய வழியைத் தருகின்றன. பாத்திரத்துக்கும் கல்லுக்கும் இடையே அவ்வாறான தடத்தைக் காட்ட முடியாத வரை அது ஒப்புமை மட்டுமே. ஒப்புமையை எழுதும் அதே பக்கத்தில் வேறுபாடுகளையும் எழுதுங்கள்: அமுதசுரபி வீதியில் எல்லோருக்கும் உணவிடுகிறது, கிரெயில் கல்லோ தேர்ந்தெடுக்கப்பட்ட வீரர்களின் கோட்டைக்குள் உணவிடுகிறது.

ஒத்த கதைக்கூறுகளைத் தேட, ஸ்டித் தாம்சன் 1932 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டுப் பின்னர் விரிவாக்கிய கதைக்கூறு அடைவு உதவும். படைப்பும் தெய்வங்களும் ‘ஏ’ பிரிவிலும் மாயப் பொருள்கள் ‘டி’ பிரிவிலும் உள்ளன. பெருவெள்ளக் கதைகளை ‘ஏ 1010’ என்ற எண்ணில் காணலாம். ஒவ்வொரு எண்ணுக்குக் கீழும் எந்தெந்த மக்களிடம் அக்கூறு பதிவாகியிருக்கிறது என்ற குறிப்பு இருக்கும். உங்கள் குறிப்பேட்டில் உள்ள பொருளின் எண்ணைக் கண்டுபிடித்து, அங்கே குறிக்கப்பட்ட மக்களில் நீங்கள் இதுவரை படித்திராத ஒருவரின் கதையை அடுத்ததாக எடுத்து, மீண்டும் இரண்டாம் படியிலிருந்து தொடங்குங்கள்.